இருபாலர் பள்ளியும் இருபாலீர்ப்பும்

சென்ற ஓணம் விடுமுறைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த என் தங்கை மகள், அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே, "பெரியம்மா, பைசெக்சுவல் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டாள். முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவள் என்ற மிதப்பு எனக்கு. யோசிக்காமல் "இருபாலர்" என்றேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடம், பெரியம்மா."

அவள் சொன்னது சரி. வேலை விளம்பரங்களில் "இருபாலரும் விண்ணப்பிக்கலாம்" என்று போடுகிறார்களே, அந்த இருபாலரைத்தான் நான் எடுத்து நீட்டியிருக்கிறேன். அவள் கேட்டதற்கு விடை இருபாலீர்ப்பு, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர்மீது வரும் ஈர்ப்பு. ஈர்ப்பு என்ற ஒரு சொல்லை விழுங்கியதில் பொருள் வேறு ஊர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. அன்று முதல் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். என்னைப்போல் தடுமாறுகிறவர்கள் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னும் பலர் இருப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

குழப்பத்தின் வேர் "பால்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. பழந்தமிழில் பால் என்றால் பகுதி, பிரிவு. அறத்துப்பாலும் பொருட்பாலும் அந்தப் பொருளில் வந்தவை. இலக்கண வகுப்பில் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என்று ஐந்தை மனப்பாடம் செய்யவைத்தோம். இன்றைக்கு அதே சிறிய சொல்லின் தலையில் மூன்று சுமைகளை ஏற்றியிருக்கிறோம். பிறந்தபோது உடல் எப்படி இருந்தது என்பது ஒன்று. ஒருவர் தன்னை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா, இரண்டுமில்லாத வேறொன்றாக உணர்கிறாரா என்பது இன்னொன்று. அவருடைய மனம் யார்மீது சாய்கிறது என்பது மூன்றாவது. முதலாவதைப் பால் என்றும், இரண்டாவதைப் பாலின அடையாளம் என்றும், மூன்றாவதைப் பாலீர்ப்பு என்றும் இப்போது பிரித்து எழுதுகிறார்கள். இந்த மூன்றையும் தனித்தனிக் கூடையில் போடத் தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் வந்ததன்று. தாவரவியல் பாடத்தில் இருபால் மலர் என்று படித்திருப்போம். ஒரே பூவில் மகரந்தத் தாளும் சூலகமும் சேர்ந்திருந்தால் அது இருபால் மலர். நம் வேலியோரச் செம்பருத்தி அப்படிப்பட்டது. பனையில் ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. தென்னையில் ஒரே பாளையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருக்கும். ஆங்கிலத்திலும் பைசெக்சுவல் என்ற சொல் முதலில் இப்படி உடலமைப்பைத்தான் குறித்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் மருத்துவர்கள் அதை மனிதர்களின் ஈர்ப்பைக் குறிக்கவும் எடுத்துக்கொண்டார்கள். செம்பருத்திக்கு வைத்த பெயரை மனத்துக்கும் வைத்துவிட்டதால், "இருபாலீர்ப்பு என்றால் உடம்பில் இரண்டும் இருப்பதா?" என்று இன்றும் கேட்கிறார்கள். இல்லை. உடலோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. அது மூன்றாவது கூடையில் கிடக்கும் சொல்.

இரண்டு மொழி பேசுகிறவரின் கதை

இருபாலீர்ப்பு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர்மீது காதலோ உடல் ஈர்ப்போ, இரண்டுமோ வரக்கூடிய இயல்பு. அமெரிக்காவில் நீண்ட காலமாக இதற்காகப் பேசிவரும் ராபின் ஓக்ஸ் என்பவர் தரும் விளக்கத்தில் மூன்று சிறு திருத்தங்கள் உண்டு. அந்த ஈர்ப்பு ஒரே நேரத்தில் வரவேண்டியதில்லை, ஒரே விதமாக வரவேண்டியதில்லை, ஒரே அளவிலும் வரவேண்டியதில்லை. நான் படித்தவற்றில் மிகவும் பயன்பட்டவை இந்த மூன்று "வேண்டியதில்லை"கள்தாம்.

இதைப் புரிந்துகொள்ள விளவங்கோட்டுக்காரர்களுக்குத் தொலைவு போகவேண்டாம். எங்கள் பக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளையில் கோடு விழுந்தது. நாக்கில் கோடு விழவில்லை. குழித்துறைச் சந்தையில் தமிழில் விலை கேட்டு, பாறசாலையில் மலையாளத்தில் பேரம் பேசிவிட்டு வருகிறவர்களை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவர்களிடம் போய், "நீ பாதித் தமிழா, பாதி மலையாளமா? ஒரு முடிவுக்கு வா" என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிற காரணத்தால் அவருக்கு மலையாளம் மறந்துவிட்டது என்றும் நினைப்பதில்லை. ஒருவருக்குத் தமிழ் சரளமாகவும் மலையாளம் கொஞ்சம் தடுக்கியும் வரலாம். அப்போதும் அவர் இரண்டு மொழி அறிந்தவர்தான்.

இருபாலீர்ப்பும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் இருபாலீர்ப்பாளர்களைப் பார்த்துக் காலம் முழுதும் பிறர் கேட்கும் கேள்வி, "எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டாயா?" என்பதே. பெண் ஒருத்தி ஓர் ஆணை மணந்துகொண்டால், "பார், சரியாகிவிட்டாள்" என்கிறார்கள். அவளே இன்னொரு பெண்ணோடு வாழ்ந்தால், "அப்படியானால் இவ்வளவு நாள் சொன்னது பொய்" என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அவள் இருபாலீர்ப்பாளராகவே இருக்கிறாள் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. இருபாலீர்ப்பாளர் கொடியை 1998இல் வடிவமைத்த மைக்கேல் பேஜ் இதையே நிறத்தில் காட்டினார். மேலே இளஞ்சிவப்பு, கீழே நீலம், இரண்டும் கலக்கும் இடத்தில் ஊதா. ஊதா எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் கரைவதுபோல், இவர்களும் இரண்டு கூட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துபோகிறார்கள் என்பது அவர் விளக்கம். 1999 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 23ஐ இவர்களுக்கான நாளாகக் கொண்டாடுவதும் இந்தக் கண்ணுக்குத் தெரியாமையை எதிர்த்துத்தான்.

இன்னொரு பழி, இவர்கள் ஒருவரோடு நிலைத்து வாழமாட்டார்கள் என்பது. ஆணையும் பெண்ணையும் விரும்பக்கூடியவர் கட்டாயம் இருவரையும் தேடுவார் என்று ஒரு கணக்கு. தமிழ்க்காரியை மணந்துகொண்ட இருமொழிக்காரர் மலையாளம் பேச ஆள் தேடி இரவில் சுவர் ஏறிக் குதிக்கிறாரா என்ன? நம்பிக்கையாக வாழ்வது மனிதருக்கு மனிதர் மாறும் குணம். எதிர்பாலை மட்டும் விரும்புகிறவர்கள் எல்லாரும் ஏகபத்தினி விரதர்கள் என்று சொல்ல, குடும்ப நீதிமன்றத்தைப் பார்த்த எவருக்கும் வாய் வராது.

உவமை ஓரிடத்தில் உடைகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மொழியை நாம் கற்றுக்கொள்கிறோம், வேண்டுமானால் கைவிடலாம். ஈர்ப்பை யாரும் பள்ளியில் சேர்ந்து படிப்பதில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகவும் முடியாது.

இந்த ஈர்ப்பை அளக்கவும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்ஸி 1948இல் வெளியிட்ட ஆய்வில் 0 முதல் 6 வரை ஓர் அளவுகோல் வைத்தார். எதிர்பால் மட்டும் என்றால் 0, தன்பால் மட்டும் என்றால் 6. நடுவில் ஐந்து படிகள். மனிதர்களை வெள்ளாடு, செம்மறி என்று இரண்டே பட்டியில் அடைக்க முடியாது என்பதை அந்த அளவுகோல் காட்டியது. ஒரே எண்ணில் ஒரு மனத்தை அடக்கியதுதான் அதன் குறை. 1978இல் ஃபிரிட்ஸ் கிளைன் என்ற மனநல மருத்துவர் 21 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை தந்தார். உடல் ஈர்ப்பு, நடத்தை, கற்பனை, மனநெருக்கம், யாரோடு பழகப் பிடிக்கிறது, எப்படி வாழ்கிறார், தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கடந்த காலம், நிகழ்காலம், தான் விரும்பும் நிலை என மூன்று பதில்கள். ஜாதகக் கட்டத்தைவிடச் சிக்கலானது. ஆனாலும் ஒருவருடைய உணர்வும் நடத்தையும் அடையாளமும் மூன்று வெவ்வேறு செய்திகள் என்பதை அதைப் பார்த்தபிறகே நான் உணர்ந்தேன். காதல் அனுபவமே இல்லாத பத்தொன்பது வயதுப் பிள்ளை தன்னை இருபாலீர்ப்பாளர் என்று சொல்லலாம். எதிர்பாலரை விரும்புகிறவர் எவரும் அனுபவச் சான்றிதழ் காட்டிவிட்டா அப்படிச் சொல்கிறார்?

மற்றச் சொற்கள்

ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்பும் இயல்பைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். நாளிதழ்களில் நெடுங்காலம் ஓரினச்சேர்க்கை என்றே எழுதினார்கள். இன்னும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்மீது தமிழாசிரியையின் கோபமே உண்டு. ஓரினம் என்றால் என்ன இனம்? மனிதர்கள் எல்லாரும் ஓரினம்தானே. அப்படிப் பார்த்தால் என் திருமணமும் ஓரினச்சேர்க்கைதான். அதைவிடப் பெரிய குற்றம் "சேர்க்கை"யில் இருக்கிறது. ஒரு மனிதரின் காதல், ஏக்கம், துணை, வாழ்க்கை எல்லாவற்றையும் படுக்கையறைச் செயல் ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது அது. கணவன் மனைவியைப் பற்றிச் செய்தி எழுதும்போது "எதிரினச்சேர்க்கைத் தம்பதியர்" என்று யாராவது எழுதுவார்களா?

பாலினத்தையே ஒரு பொருட்டாகக் கொள்ளாமல் ஆளைப் பார்த்து வரும் ஈர்ப்பை அனைத்துப்பாலீர்ப்பு என்கிறார்கள். இருபாலீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் வரப்பு அவ்வளவு தெளிவாக இல்லை. இருபாலீர்ப்பில் உள்ள "இரு" ஆணையும் பெண்ணையும் மட்டுமே குறிக்கிறது என்று சிலர் வாதிடுகிறார்கள். தன்னையொத்த பாலினம், தன்னிலிருந்து வேறுபட்ட பாலினம் என்ற இரண்டையும் குறிக்கிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எந்தப் பெயர் பொருந்துகிறது என்பதை அந்தப் பெயரைச் சூடிக்கொள்கிறவர்தான் சொல்லவேண்டும். சென்னையில் மரவள்ளி, இங்கே மரச்சீனி. வெந்தால் கிழங்கு ஒன்றுதான்.

அல்பாலீர்ப்பு என்பது யார்மீதும் உடல் ஈர்ப்பு வராத, அல்லது மிக அரிதாக வருகிற இயல்பு. "பாலிலா இனப்பெருக்கம்" என்று அமீபாவுக்குச் சொல்லிக்கொடுத்த சொல்லோடு இதைக் கலந்துவிடக் கூடாது. இது துறவும் இல்லை. துறவி ஆசையை அடக்குகிறார். இவரிடம் அடக்குவதற்கு ஒன்றும் இல்லை. அவர்களில் காதலும் துணையும் விரும்புகிறவர்களும் உண்டு.

திருநங்கை, திருநம்பி ஆகிய சொற்கள் இரண்டாவது கூடையைச் சேர்ந்தவை. பிறப்பில் ஆண் என்று குறிக்கப்பட்டுப் பெண்ணாகத் தன்னை உணர்கிறவர் திருநங்கை. பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக உணர்கிறவர் திருநம்பி. திருநங்கை ஒருவர் ஆணை விரும்பலாம், பெண்ணை விரும்பலாம், இருபாலீர்ப்பாளராகவும் இருக்கலாம். தான் யார் என்பதும் தன் மனம் யாரிடம் செல்கிறது என்பதும் வேறு வேறு. தமிழ்நாடு இவர்களுக்கென 2008இல் நலவாரியம் அமைத்தது. எண் ஒன்றைச் சொல்லி இவர்களைக் கேலி செய்யும் பழக்கம் பள்ளி மைதானங்களில் இன்னும் ஒழியவில்லை. என் வகுப்புகளிலும் கேட்டிருக்கிறேன், அந்தக் காலத்தில் போதுமான அளவு கண்டிக்கவில்லை.

பிறக்கும்போதே உடற்கூறு ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்கள் இடைப்பாலினர். இதுதான் முதல் கூடை. இது உடல் பற்றியது மட்டுமே. அவர் தன்னை எப்படி உணர்கிறார், யாரை விரும்புகிறார் என்று இதிலிருந்து ஊகிக்க முடியாது.

இவர்கள் அனைவரையும் ஒரே குடையின்கீழ் சொல்லவேண்டும் என்றால் பால்புதுமையினர் என்கிறார்கள். ஆங்கிலத்தில் குவியர் என்பது முன்பு வசைச்சொல். விசித்திரமானவன், கோணலானவன் என்ற பொருளில் எறிந்த கல்லை எடுத்து அவர்களே வீடு கட்டிக்கொண்டார்கள். தமிழ் அந்த வசையை மொழிபெயர்க்காமல் "புதுமை" என்று தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. சென்னையில் 2009 முதல் இவர்கள் நடத்தும் பேரணிக்கும் வானவில் சுயமரியாதைப் பேரணி என்று பெயர். பிற ஊர்களில் "பெருமை" என்பதை முன்வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த இடத்தில் சுயமரியாதை வந்து உட்கார்ந்துவிட்டது.

நீதிபதி படித்த பாடம்

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொப்பி உறவு கொள்வதை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவால் குற்றமாக்க முடியாது என்றது. 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்துவிட்டது. ஆக, சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. அதைத் திருமணமாகப் பதிவுசெய்ய வழியில்லை. நம் மாவட்டத்து வழக்குகள் போகும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2019 ஏப்ரலில் வேறொரு தீர்ப்பு வந்தது. தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கை ஒருவரும் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவுசெய்ய மறுத்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று நீதிமன்றம் சொன்னது. இடைப்பாலினக் குழந்தைகளுக்கு உயிர் ஆபத்து இல்லாதபோது அறுவை செய்து உடலை "சரிப்படுத்துவதை"த் தடுக்கவும் அதே தீர்ப்பு வழிகாட்டியது. தமிழ்நாடு அரசும் அவ்வாண்டே தடை ஆணை பிறப்பித்தது.

சொற்களைப் பொறுத்தவரை முக்கியமானது 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்குச் சென்ற இரண்டு இளம்பெண்கள் காவல்துறை தொந்தரவு செய்யாமலிருக்கப் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதை ஒளிக்காமல் எழுதினார். உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டே தீர்ப்பு எழுதினார். ஈர்ப்பை "மாற்றுவதாக"ச் சொல்லும் சிகிச்சைகளைத் தடை செய்யச் சொன்னது அந்த வழக்குதான். இந்த மக்களைக் குறிக்கக் கண்ணியமான சொற்கள் வேண்டும் என்ற பேச்சும் அங்கேதான் வலுத்தது. 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. உயர் நீதிமன்ற நீதிபதியே பாடம் கேட்டிருக்கும்போது எனக்கென்ன வெட்கம் என்று தோன்றியது.

மருத்துவத்தைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வரி. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இல்லாத நோயைத் தீர்ப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால், தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்திருப்பதை நினைவில் வையுங்கள்.

பழகும் விதம்

சொற்களைக் கற்றுக்கொண்டதும் அக்கம்பக்கத்தார் தலையில் ஒவ்வொரு பெயர்ச்சீட்டாக ஒட்டிப்பார்க்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. மணமாகாத இந்த அண்ணன், சேர்ந்தே குடியிருக்கும் அந்த இரண்டு டீச்சர்கள் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. அது கூடாது. இந்தப் பெயர்கள் ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதற்காக உண்டானவை. ஒருவர் நம்மிடம் சொன்னால், அது நமக்கு மட்டும் சொன்னது. மார்த்தாண்டத்தில் ஏறி நாகர்கோவிலில் இறங்குவதற்குள் பஸ் முழுதும் பரவவேண்டிய செய்தி இல்லை. நம் ஊர்களில் ஒருவரைப் பற்றிய இத்தகைய செய்தி வெளியானால் வேலை போகலாம், வீடு போகலாம், படிப்பு நிற்கலாம். என் தங்கை மகள் அந்தச் சொல்லை யாருக்காகக் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. பாடத்துக்கா, தோழிக்கா, தனக்கா என்பது அவள் விரும்பும்போது சொல்லட்டும்.

இன்னொரு சந்தேகம். ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ளாதவர்களை எந்தச் சுட்டுப்பெயரால் குறிப்பது என்று ஆங்கிலத்தில் பெரிய விவாதமே நடக்கிறது. தமிழில் அந்தத் தலைவலி குறைவு. அவன், அவள் இரண்டையும் விட்டுவிட்டு "அவர்" என்றால் போதும். இலக்கணப்படி அது பலர்பால். தொல்காப்பியர் காலத்திலேயே ஒருவரைப் பன்மையில் சொல்லும் பழக்கம் இருந்திருக்கிறது. அது இலக்கண நெறியில் வந்ததன்று, மக்கள் வழக்கில் வந்த உயர்சொல் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயர்களையும் அவர் உயர்திணையிலேயே வைத்தார்; நன்னூலார்தான் பின்னால் அஃறிணைக்கும் வாசல் திறந்துவிட்டார். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு எங்கள் விளவங்கோட்டு அதங்கோடுதான் என்பதில் இங்கே யாருக்கும் ஐயமில்லை.

ஓணம் முடிந்து திரும்பும் முன், தங்கை மகள் தன் கல்லூரியில் படிக்கும் ஒருவரைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் வந்தார், அவர் பாடினார், அவருக்குப் புளிசேரி பிடிக்காது என்று ஒவ்வொன்றாக. அவளை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சேரும்வரை, அது அவளுடைய பேராசிரியர் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.